பாண்டியும் எங்க வீட்டு வடகமும்



செமஸ்டர் பரீட்சை முடிந்த கையோடு பாண்டிச்சேரி போய் வந்தேன். பாண்டி என்றதும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகப் போகவில்லை, நம்புங்கள் :) முத்தியால்பேட்டையில் எங்க சித்தி வீடு இருக்கிறது. அம்மா ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய வடகம் உருட்டிக் காயவைத்து, "இதை சித்திகிட்ட குடுத்துட்டு ரெண்டு நாள் இருந்துட்டு வா" என்றார்கள். என் ரூம்மேட்டும் தொற்றிக்கொண்டான். சங்கராபுரத்தில் பஸ் ஏறி, திருக்கோவிலூர், விழுப்புரம் என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க அந்த டப்பாவின் வாசனை. பக்கத்து சீட்டுப் பெரியவர் மட்டும் "யாரு வூட்டு வடவம், வாசனை தூக்குதே?" என்று கேட்டார். மற்றவர்கள் ஜன்னலைத் திறந்துகொண்டார்கள்.

சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போனோம். மாலையானால் அந்தச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். நடு ரோட்டில் தாராளமாக நடக்கலாம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண், வளைந்த ஜன்னல். ரூம்மேட் மெய்மறந்து போய்ச் சொன்னான்: "வெள்ளைக்காரன் என்னமா கட்டியிருக்கான் பாருடா! நம்ம ஆளுங்ககிட்ட விட்டிருந்தா இப்படி இருக்குமா?"

அப்புறம் ஒரு ஹோட்டல் வாசலில் மாட்டியிருந்த மெனுவைப் பார்த்தோம். 'வடுவான் மசாலா தடவிய மீன்' என்று ஒன்று. விலையைப் பார்த்ததும் உள்ளே போகும் ஆசை போய்விட்டது. வாசலில் நின்ற அண்ணனிடம் வடுவான் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல தம்பி, நம்ம வடவந்தான்" என்றார்.

ஊரைக் கட்டியது யார்? சமைத்தது யார்? இந்த இரண்டு கேள்விகளும் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை. திரும்பி வந்ததும் எங்கள் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்படிப் படித்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வந்தது துணிக்காக

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கடற்கரையின் அழகைப் பார்த்து வரவில்லை. துணி வாங்க வந்தார்கள். 1674ல் பிரான்சுவா மார்த்தேன் இங்கே தங்கி வணிகத்தைத் தொடங்கினார். சுற்றுவட்டாரத்து நெசவாளர்கள்தான் அந்த வணிகத்துக்கு மூலதனம். கப்பலில் ஏறிய மூட்டைகள் எல்லாம் அவர்கள் தறியில் நெய்தவை.

1693ல் டச்சுக்காரர்கள் படையெடுத்து வந்து ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு வருடம் வைத்திருந்து, ஐரோப்பாவில் போட்ட ஒப்பந்தத்தின்படி 1699ல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் 1694ல் அவர்கள் ஒரு வரைபடம் போட்டார்கள். நேர்க்கோடு போட்டதுபோல் ஒன்றை ஒன்று வெட்டும் தெருக்கள் அந்த வரைபடத்தில்தான் முதலில் தெரிகின்றன. ஆகவே, "பிரெஞ்சுக்காரன் நேரா ரோடு போட்டான்" என்று நாம் வியக்கும் விஷயத்தில் டச்சுக்காரர் பங்கும் உண்டு.

பிறகு ஊரின் நடுவே ஓடும் பெரிய வாய்க்கால் ஒரு எல்லையாக நின்றது. கடலோரமாகக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. அந்தக் காலத்துப் பெயர்களைச் சொன்னால் 'வெள்ளை நகரம்', 'கறுப்பு நகரம்'. சுற்றுலா வருபவர்கள் இன்றும் வாய்க்காலுக்குக் கிழக்கேதான் படம் எடுக்கிறார்கள்.

மேற்கே ஒரு மனிதர் இருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. 1709ல் பிறந்தவர், கவர்னர் துய்ப்ளேயின் துபாஷியாக இருந்தவர். 1736 செப்டம்பரில் தமிழில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, ஏறத்தாழ 25 வருடம் எழுதினார். கப்பல் வந்தது, சரக்கின் விலை, யார் யாரிடம் என்ன சொன்னார், யார் முகம் சுளித்தார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. அவர் வீடு இன்றும் பெரிய மார்க்கெட் பக்கம் நிற்கிறது. கீழ்த்தளம் நம்ம ஊர் பாணி, மரத்தூண்கள். மேல்தளம் பிரெஞ்சு பாணி. புதுச்சேரி என்றால் என்ன என்று ஒரே வீட்டில் பார்க்க வேண்டுமானால் அங்கே போங்கள்.

அந்த நாட்குறிப்பில் கசப்பான பக்கங்களும் உண்டு. 1748ல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டபோது, வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. இடித்தது முற்றுகை போட்ட ஆங்கிலேயர் அல்ல, ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள். ஊர்மக்கள் எப்படித் துடித்தார்கள் என்பதை பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். இப்போது காந்தி வீதியில் இருக்கும் வேதபுரீஸ்வரர் கோயில் பிற்பாடு வேறு இடத்தில் கட்டப்பட்டது.

சாப்பாட்டு ஊர் பட்டினி கிடந்த கதை

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். இன்று நாம் சாப்பிடுவதற்காகவே போகும் இந்த ஊர், ஒரு காலத்தில் பட்டினியால் விழுந்த ஊர்.

1758ல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி வந்து இறங்கினார். வந்த வேகத்தில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த ஆங்கிலேயரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். இந்த இடிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வட்டியோடு திரும்பி வரும். 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஐர் கூட் என்ற ஆங்கிலேயத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்களின் கோட்டைகள் ஒவ்வொன்றாகப் போக, லாலி பாண்டிக்குள் அடைபட்டார். தரையில் கூட்டின் படை, கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள். நெல் உள்ளே வர வழியில்லை.

இந்த இடத்தில்தான் எங்க ஊர்ப் பக்கமும் கதைக்குள் வருகிறது! எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தியாகதுருகம் மலைக்கோட்டை உங்களில் பலருக்குத் தெரியும். கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் தெரியும் மலை. நானும் எத்தனையோ தடவை பார்த்துவிட்டுத் திரும்பித் தூங்கியிருக்கிறேன். அது அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. உதவிக்கு வேறு வழி தெரியாத லாலி, மைசூரின் ஹைதர் அலியோடு ஒப்பந்தம் போட்டு, தியாகதுருகம் கோட்டையை அவருக்கு விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு மக்தூம் அலி தலைமையில் மைசூர்ப் படையும், கூடவே தானியமும் மாடுகளும் பாண்டியை நோக்கி வந்தன. 1760 ஜூலையில் திருவதிகை அருகே வழிமறித்த ஆங்கிலேயப் படையை மைசூர்க்காரர்கள் தோற்கடித்தார்கள். ஆனால் சீக்கிரமே ஹைதருக்குத் தன் சொந்த ஊரிலேயே ஆபத்து வந்துவிட, அந்தப் படை திரும்பிப் போய்விட்டது. அதோடு சாப்பாட்டு வழி அடைபட்டது.

நவம்பர் கடைசியில் லாலி ஒரு முடிவு எடுத்தார். இருக்கிற உணவு சிப்பாய்களுக்கே போதாது, ஆகவே ஊரில் மீதமிருந்த தமிழ் மக்கள் வெளியேற வேண்டும். ஆண், பெண், குழந்தை என்று சுமார் 1400 பேர் விரட்டப்பட்டார்கள். அவர்கள் ஆங்கிலேயப் படையின் வரிசையை நெருங்கியபோது, அங்கேயும் விடவில்லை. திரும்பக் கோட்டைக்கு வந்தால் அங்கிருந்து சுட்டார்கள். இரண்டு படைகளுக்கும் நடுவில் இருந்த வெட்டவெளியில் எட்டு நாள். புல்லின் வேரைத் தோண்டித் தின்றார்கள் என்று அந்தக் கால ஆங்கிலேய வரலாற்றாசிரியரே எழுதியிருக்கிறார். கடைசியில் கூட் மனமிரங்கி வழி விட்டார்.

இதைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு நேரம் தளபதிகளின் பெயரையும் தேதியையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த 1400 பேரில் ஒருவருடைய பெயராவது எழுத முடியுமா என்று பார்த்தால், நான் படித்ததில் ஒன்றுகூட இல்லை.

கோட்டைக்குள்ளும் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. யானை, குதிரை, ஒட்டகம் எல்லாவற்றையும் அறுத்துச் சாப்பிட்டார்கள். ஒரு நாயின் இறைச்சிக்கு 24 ரூபாய் கொடுத்தார்களாம். அந்தக் காலத்து 24 ரூபாய்!

1761 புத்தாண்டு பிறந்த இரவில் பெரிய புயல் அடித்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் சில மூழ்கின, சில கரையில் மோதின. சில நாட்கள் கடல் வழி திறந்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் அரிசியோடு வந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். வரவில்லை. ஆங்கிலேயர்கள் மற்ற கப்பல்களைக் கூட்டி வந்து மறுபடியும் அடைத்துவிட்டார்கள். ஜனவரி 16ம் தேதி ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாட்கள் முன்புதான் இறந்திருந்தார். தன் ஊர் விழுந்ததை அவர் எழுத வேண்டியிருக்கவில்லை. எங்க தியாகதுருகமும் அடுத்த மாதமே ஆங்கிலேயரிடம் சரணடைந்தது.

பிறகு வந்தது வட்டி. தேவனாம்பட்டினம் கோட்டையை இடித்ததற்குப் பழியாக, பாண்டியின் கோட்டை, மதில், மாளிகை எல்லாவற்றையும் ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கினார்கள். இன்று பாரதி பூங்காவும் ராஜ் நிவாசும் இருக்கும் இடத்தில்தான் அந்தப் பழைய கோட்டை இருந்தது. பூங்காவில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தபோது இது எங்களுக்குத் தெரியாது.

லாலி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். பிரான்சுக்குத் திரும்பி, துரோகி என்று குற்றம் சாட்டப்பட்டு, 1766ல் பாரிசில் தலை வெட்டப்பட்டார். அது துரோகமல்ல என்று வால்டேர் பிற்பாடு அவருக்காக வாதாடினார்.

அப்படியானால் கட்டியது யார்?

பாரிஸ் ஒப்பந்தத்தின்படி 1765ல் ஊர் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஊர் என்று சொல்வதைவிட இடிபாடு என்று சொல்லலாம். பழைய தெருக்களின் கோட்டின் மேலேயே புதிய வீடுகள் எழுந்தன. ஆகவே, இன்று நாம் பார்த்து வியக்கும் வீடுகள் பெரும்பாலும் 1765க்குப் பிறகு வந்தவை. அதற்குப் பிறகும் 1778, 1793, 1803 என்று மூன்று தடவை ஆங்கிலேயர்கள் பிடித்தார்கள். 1816ல்தான் நிரந்தரமாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது.

செங்கல் சுட்டவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், சாரம் கட்டி ஏறியவர்கள் எல்லாம் யார்? மார்சேயிலிருந்து கப்பலில் கொத்தனார்கள் வந்திருக்கமாட்டார்கள். வரைபடம் அவர்களுடையது, கை நம்முடையது. வாய்க்காலுக்கு மேற்கே போனால் திண்ணை, தாழ்வாரம், முற்றம் வைத்த வீடுகள். சிலவற்றின் மாடியில் மட்டும் பிரெஞ்சு ஜன்னல். பார்த்தால் தெரியும், இரண்டு பக்கமும் ஒன்றிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு கடற்கரை ஊரின் கதை கண்ணில் பட்டது. ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மக்களின் நாட்டில் சான் செபாஸ்தியான் என்று ஒரு ஊர். பாஸ்க் மொழியில் தொனோஸ்தியா. சிப்பி போல வளைந்த கடற்கரை, அரசி கோடைக்கு வந்து தங்கிய அரண்மனை, 'பிஞ்சோ' என்று சின்னச் சின்ன ரொட்டித் துண்டுகளின் மேல் மீனும் மிளகாயும் வைத்துக் கொடுக்கும் கடைகள். உலகம் முழுவதிலிருந்தும் சாப்பிடுவதற்கென்றே அங்கே போகிறார்கள். அந்த ஊரையும் ஆங்கிலேயப் படை அழித்திருக்கிறது! 1813 ஆகஸ்ட் 31ம் தேதி, நெப்போலியனின் படை பிடித்து வைத்திருந்த அந்த ஊரை விடுவிக்கிறோம் என்று வந்த ஆங்கிலேய, போர்த்துகீசியச் சிப்பாய்கள், உள்ளே புகுந்ததும் ஊர்மக்களையே கொள்ளையடித்தார்கள். ஊர் எரிந்து போனது. மிஞ்சியது ஒரு தெருவில் சில வீடுகளும் இரண்டு கோயில்களும்தான். ஒரு வாரம் கழித்து, ஊர்ப் பெரியவர்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கூடி, திரும்பக் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். எரியாமல் மிஞ்சிய அந்தத் தெருவுக்கு இன்றைய பெயர் 'ஆகஸ்ட் 31 தெரு'. இன்று அந்தத் தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள்தான்.

அங்கே போய்ச் சாப்பிடுகிறவன் தெருப் பலகையைப் படித்தால் போதும், நடந்தது என்ன என்று கேட்டே தீருவான். நம்ம பாண்டிக் கடற்கரையில் துய்ப்ளேக்குச் சிலை இருக்கிறது. செஞ்சியிலிருந்து கொண்டுவந்த தூண்களுக்கு நடுவே காந்தி சிலை இருக்கிறது. புல்வேரைத் தின்ற அந்த 1400 பேருக்கு ஒரு சின்னக் கல்கூட நான் நடந்த தூரத்தில் என் கண்ணில் படவில்லை.

வடகம் எப்படி வடுவான் ஆனது?

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். (ரூம்மேட் இதற்காகத்தான் படிக்கிறான்.)

வடகம் எப்படிச் செய்வார்கள் என்று தெரியாத நண்பர்களுக்காக: சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, கடுகு, உளுத்தம்பருப்பு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து, விளக்கெண்ணெய் விட்டு உருண்டை பிடித்து மொட்டை மாடியில் காயவைப்பார்கள். சாயங்காலம் எடுத்து, மறுநாள் உதிர்த்து, மறுபடி உருட்டி, நல்ல வெயிலில் நாள்கணக்கில் காயும். பிறகு வருடம் முழுக்க ஒரு துண்டு கிள்ளிப் போட்டுத் தாளித்தால் போதும். சித்திரை, வைகாசி வெயிலை டப்பாவில் அடைத்து வைப்பது மாதிரி. எங்க பக்கம் இதை வடவம் என்றும் சொல்வோம். பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'வடுவான்' ஆகிவிட்டது. 2000களில் பாரிஸ், நியூயார்க் சமையல்காரர்கள் அதைத் தூக்கிப் பிடித்து, பெரிய ஹோட்டல்களின் மெனுவில் ஏற்றிவிட்டார்கள். ஒரு சுற்று சுற்றிவிட்டு, புதுப்பெயரோடு பாண்டிக்கே திரும்பி வந்திருக்கிறது.

இது எப்படி நடந்திருக்கும்? வெள்ளையர் பகுதியின் வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் வாய்க்காலின் மேற்குப் பக்கத்து ஆட்கள். எஜமானி அம்மாள் பிரெஞ்சு மீன் சூப்பு கேட்டால், கையில் இருந்த மஞ்சளையும் பூண்டையும் போட்டுத்தானே வைப்பார்கள்? இப்படித்தான் பாண்டியின் கிரியோல் சமையல் வளர்ந்தது. காரம் குறைந்த குழம்பு, ரவையும் வெண்ணெயும் சேர்த்துச் செய்யும் கிறிஸ்துமஸ் 'விவிகம்' கேக், காலையில் நீள ரொட்டி.

இன்னொரு கிளையும் உண்டு. 1881ல் பிரெஞ்சு அரசு ஒரு ஆணை போட்டது. சாதி வழக்கத்தையும் சொந்தச் சட்டத்தையும் விட்டுவிட்டு பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்பவர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சமமாக நடத்தப்படுவார்கள் என்று. அப்படி ஏற்றவர்கள் பலர் சைகோனுக்கு, அதாவது இன்றைய வியட்நாமுக்கு, அரசு வேலைக்கும் போலீஸ் வேலைக்கும் போனார்கள். திரும்பி வந்தபோது, மெல்லிய அரிசித்தாளில் இறைச்சியைச் சுருட்டிப் பொரிக்கும் வித்தையைக் கொண்டுவந்தார்கள். பாண்டியில் சில வீடுகளில் இன்றும் விசேஷம் என்றால் அது உண்டு. சித்தியின் எதிர்வீட்டுப் பாட்டி எங்களுக்கு ஆளுக்கு இரண்டு கொடுத்தார். மூன்றாவது கேட்க வெட்கமாக இருந்தது.

1954 அக்டோபரில் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1ம் தேதி பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16ல். கொடி இறங்கினாலும் அடுப்பில் இருந்தது இறங்கவில்லை.

கடைசியாக...

வந்த அன்று கடற்கரையில் ரூம்மேட் கேட்ட கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது சொல்கிறேன்: டேய், வெள்ளைக்காரன் கட்டினான் என்பதும் முழுப் பொய் இல்லை. ஆனால் கட்டிய ஊரை ஒரு வெள்ளைக்காரன் இன்னொரு வெள்ளைக்காரன் மேல் இருந்த கோபத்தில் இடித்தான். நடுவில் நம்ம ஆட்கள் பட்டினி கிடந்தார்கள். பிறகு அதே ஆட்களின் பிள்ளைகள் சுண்ணாம்பு அரைத்து ஊரைத் திரும்பக் கட்டி, அடுப்பும் பற்ற வைத்தார்கள். "நம்ம ஆளுங்ககிட்ட விட்டிருந்தா" என்று நீ கேட்டாயே, அவர்கள் கையில்தான் இருந்தது.

ஊருக்குத் திரும்பும்போது, கொண்டுபோன அதே டப்பாவில் சித்தி இரண்டு துண்டு கேக் வைத்துக் கொடுத்தார்கள். அம்மாவிடம் ஹோட்டல் மெனுவில் பார்த்த வடுவான் விலையைச் சொன்னேன். அம்மா மாடியில் வடகத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "அவ்ளோ காசா? அதுக்கு வெங்காயம் மூட்டையே வாங்கலாமே" என்றார்கள். பிறகு, "காக்கா வருது பாரு, அங்க நின்னு வெரட்டு" என்று ஒரு குச்சியைக் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார்கள்.

நீங்களும் அடுத்த தடவை பாண்டி போனால், கடற்கரையோடு திரும்பிவிடாமல் வாய்க்காலைத் தாண்டி மேற்கேயும் கொஞ்சம் நடந்து பாருங்கள். உங்கள் வீட்டில் வடகத்துக்கு வேறு பெயர் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.